அத்தை எடுத்த ரத்தம்

மூன்றாம் வகுப்பு ஆசிரியை பள்ளி வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாரே, போன வாரம் அங்கேதான் விட்டிருந்தோம்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு வயசுக்கு மீறி வளர்றா. ஒரு டாக்டரைப் பார்த்துடுங்க" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பிரேக் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. என் பிள்ளை வளர்வது உனக்கு ஏன் உறுத்துகிறது என்று நடுத்தெருவில் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது பிள்ளை. நெற்றியில் இரண்டு பருக்கள். ஏழு வயது முடிந்த குழந்தைக்குப் பரு எங்கிருந்து வரும்? அன்று இரவே ஆசிரியைக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அதையும் சத்தமாகத்தான் கேட்டாள்.

அவள் சுபாவம் அப்படி. தொழிலும் அதற்கேற்ற தொழில். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சி வண்டியில் அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லாரிக்கடியில் போகப் பார்க்கும்போது அவள் அதை மிதிப்பாள். மிதிக்கிற வேகத்தில் வசவும் வரும். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். பிரேக் அக்கா என்ற பெயரும் அவர்கள் வைத்ததுதான்.

பிள்ளை விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பாலைக் குறை, கோழியைக் குறை, டிவியைக் குறை. பக்கத்து வீட்டுக்காரி, "நீ ரொம்ப ஊட்டி வளர்த்துட்டே" என்றாள். தப்பு எங்கே நடந்தாலும் கடைசியில் அது அம்மாவின் கரண்டியில் வந்து நிற்கும்.

இன்று பதினோரு மணிக்கு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்லப்போகிறார்.

காலை வகுப்பு பல் டாக்டருக்கு. அடுத்தவர் ஈறில் கை நடுங்காமல் ஊசி இறக்குகிற மனிதர், ஸ்டியரிங்கைத் தொட்டால் வெடவெடத்துப் போவார்.

"கிளட்ச்! கிளட்ச்! உங்க இடது கால் எங்க சார்? வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இருக்கும்மா, இங்கதான் இருக்கு."

"அப்ப மிதிங்க! அலங்காரத்துக்கா வச்சிருக்கீங்க?"

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். பிரேக் அக்கா கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, அவன் பிறந்ததிலிருந்தே நேராக ஓட்டத் தெரிந்தவனா என்று விசாரித்தாள்.

"இன்னைக்கு ரொம்பக் கோபமா இருக்கீங்க" என்றார் பல் டாக்டர்.

"என்னைக்கு இல்ல? கியரைப் போடுங்க."

கோபம் என்றுதான் அவரும் நினைத்தார். உள்ளே இருந்தது பதினோரு மணியைப் பற்றிய பயம். அதை வெளியே காட்ட அவளுக்குக் கோபத்தைத் தவிர வேறு வழி தெரியாது.

பத்தரைக்குப் பள்ளியில் மகளை ஏற்றிக்கொண்டாள். கடையிலிருந்து புருஷனை ஏற்றிக்கொண்டாள். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சாது. குரல் உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. மனசு சரியில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். வண்டியில் ஏறியதிலிருந்து துடைத்துக்கொண்டே வந்தார். குழந்தையை நினைத்துக் கவலைப்படுகிறார் பாவம் என்று பிரேக் அக்கா நினைத்தாள். 'பாவம்' என்று அவரைப் பற்றி அன்று நினைத்தது அதுதான் கடைசி.

டாக்டர் அம்மா குள்ளமானவர், நிதானமானவர். குழந்தைகளின் வளர்ச்சியையும் ஹார்மோனையும் பார்க்கிற டாக்டர். மேசையில் இருந்த கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தார். அதில் ஒரு சின்னக் கை, ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, எலும்பு மட்டுமாக.

"ஐ, என் கை!" என்றாள் நெட்டைக்குட்டி. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். பெருமையாக வைத்த பெயர். கொஞ்ச நாளாக அந்தப் பெயரைச் சொல்லும்போது பிரேக் அக்காவுக்கு நாக்கு கசந்தது.

நர்ஸ் குழந்தையை ஓரத்தில் இருந்த கட்டிலுக்கு அழைத்துப் போய், படம் வரையக் காகிதம் கொடுத்தாள். டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"இடது கை எலும்பை வச்சுத்தான் எலும்போட வயசைக் கணிப்போம். பாப்பாவுக்கு ஏழே முக்கால் வயசு. எலும்புக்குப் பத்தரை."

"எலும்புக்குத் தனியா ஒரு வயசா?"

"ஆமாம்மா. இந்த முனைகள்ல கறுப்பா ஒரு இடைவெளி தெரியுது பாருங்க. அங்கதான் எலும்பு நீளுது. வயசுக்கு வந்து கொஞ்ச வருஷத்துல இது மூடிக்கும். மூடிட்டா அதுக்கப்புறம் வளர்ச்சி கிடையாது. பாப்பாவுக்கு அந்தப் பயணம் ரொம்ப சீக்கிரமே ஆரம்பிச்சிருச்சு."

"வகுப்புலயே இவதான் உயரம் டாக்டர்..."

"இன்னைக்கு உயரம். மத்த பொண்ணுங்க வளர ஆரம்பிக்கும்போது இவ நின்னுடுவா. உயரம் மட்டும்னாகூடப் பரவாயில்ல. இப்படியே விட்டா எட்டு, எட்டரை வயசுல வயசுக்கு வந்துடுவா. உடம்பு ஓடுது, மனசு இன்னும் பொம்மை வச்சு விளையாடிக்கிட்டு இருக்கு. அதை ஒரு குழந்தை எப்படித் தாங்கும்?"

பிரேக் அக்கா கட்டிலில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. ஊசி இருக்கு. இதை நிறுத்தி வைக்கலாம். சரியான வயசு வந்ததும் ஊசியை விட்டுட்டா, உடம்பு விட்ட இடத்துலேர்ந்து தானா தொடரும். அதுக்கு முன்னாடி நாளைக்குக் காலையில தலைக்கு ஒரு ஸ்கேன். மூளைக்குக் கீழ இருக்கற சுரப்பிதான் இதை ஆரம்பிச்சு வைக்குது. அங்க ஒண்ணும் இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும்."

"ஒண்ணும் இருக்காதுல்ல?"

"பெரும்பாலும் இருக்காது" என்றார் டாக்டர். அந்தப் 'பெரும்பாலும்' பிரேக் அக்காவின் காதிலேயே நின்றது.

"இன்னொண்ணு. இது எவ்வளவு வேகமா போகுதுன்னு எனக்குத் தெரியணும். சில குழந்தைகளுக்கு மெதுவா நகரும், பொறுத்துப் பார்க்கலாம். சிலருக்கு விறுவிறுன்னு போகும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. ஆறு மாசம், ஒரு வருஷம் முன்னாடி எதுக்காவது ரத்தப் பரிசோதனை பண்ணியிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். காய்ச்சல்னுகூடப் படுத்ததில்ல. ரத்தமே எடுத்ததில்ல."

"எடுத்தாங்களே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

நெட்டைக்குட்டி தலை நிமிராமல் வரைந்துகொண்டிருந்தாள்.

"யாரு எடுத்தா?"

"அத்தை. அத்தை ஆபீஸ்ல. பெரிய பெரிய ஃபிரிட்ஜ் எல்லாம் இருக்குமே, அங்க. ரெண்டு வாட்டி எடுத்தாங்க. மொத வாட்டி நான் அழவே இல்ல. ரெண்டாவது வாட்டிதான் கொஞ்சூண்டு அழுதேன். அத்தை கையுறைய ஊதி சேவல் பண்ணிக் குடுத்தாங்க. அப்பா கைய பிடிச்சுக்கிட்டாரு."

பிரேக் அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"எப்பம்மா இது?" என்று டாக்டர் குழந்தையிடம் கேட்டார்.

"நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அப்பா சொன்னாரு." சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குடும்பச் சண்டையின் வாடை அவருக்கும் தெரியும். "அந்த ரத்தத்தை உறைய வச்சுப் பத்திரமா வச்சிருந்தா எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கும். நாளைக்கு ஸ்கேனுக்கு வரும்போது கொண்டு வர முடியுமான்னு கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் பிரேக் அக்கா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

"எங்க போறே?"

"உங்க அக்கா ஆபீஸுக்கு."

"குழந்தை இருக்கா. அவ முன்னாடி வேணாம்."

"குழந்தை இருக்கறது இப்பத்தான் தெரியுதா உங்களுக்கு? ஊசி குத்தும்போது தெரியலையா?"

"அக்கா கேட்டா. எப்படி மாட்டேன்னு சொல்றது?"

அதுதான் அவர் கதை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன வீட்டில் அவரை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அவள் படித்தாள், விஞ்ஞானி ஆனாள், கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவள் கேட்டு அவர் மறுத்தது என்று ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. பெண் பார்க்க வந்தபோதும் அக்காதான் பேசினாள். இவர் கண்ணாடி துடைத்தார்.

பிரேக் அக்கா அடித்த ஹாரனில் முன்னால் போன சைக்கிள்காரர் பயந்து இறங்கியே விட்டார்.

ஆராய்ச்சிக்கூடத்தின் வாசலில் மரத்தடியில் வண்டியை நிறுத்தினாள். "நானும் வரேன்" என்று அவர் கதவைத் திறந்தார்.

"வர வேண்டிய நேரத்துல நீங்க என்னைக் கூப்பிடல. இப்ப இங்கயே இருங்க."

இரண்டாவது மாடி. நீளமான நடை. இருபக்கமும் ஆள் உயரத்துக்கு உறைபெட்டிகள், ஒரே சுருதியில் ரீங்காரம். நாத்தனார் வெள்ளைக் கோட்டில், குழாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி மனைவியைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாம்மா! என்ன சொன்னாங்க டாக்டர்?"

"அண்ணி, என் பொண்ணோட ரத்தம் எங்க இருக்கு?"

சிரிப்பு அப்படியே நின்றது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணை நாத்தனார் கண்ணாலேயே வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள்.

"உட்காரு."

"உட்கார வரல."

"சரி, நின்னுக்கிட்டே கேளு. எலும்புன்னா உடம்பைத் தாங்கற கம்புன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அதுவும் ஹார்மோன் சுரக்கும், ரத்தத்துல கலந்து உடம்பு பூரா போகும். சீக்கிரம் வயசுக்கு வர்ற பொண்ணுங்களுக்கு அந்த ஹார்மோன் அதிகமா இருக்கா, இருந்தா அதுதான் காரணமா, இல்ல சீக்கிரம் வளர்றதால அது கூடுதான்னு நாங்க பார்க்கறோம். இன்னும் யாருக்கும் சரியா தெரியாது. அதுக்கு எந்தக் குறையும் இல்லாத பொண்ணுங்க ரத்தமும் வேணும். ஒப்பிட்டுப் பார்க்க. கொஞ்சம் பேர் குறைஞ்சாங்க."

"அதனால என் பொண்ணைப் பிடிச்சீங்க."

"நம்ம வீட்டுப் பொண்ணும்மா. நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா, நெடுநெடுன்னு வளர்றா. அவளைவிட ஆரோக்கியமான குழந்தைய நான் எங்க போய்த் தேடுவேன்? தம்பி சரின்னான்."

"பெத்தவன்னு நான் ஒருத்தி இருக்கேனே!"

"உன்கிட்ட கேட்டா நீ குதிப்பே."

"குதிச்சிருப்பேன்தான். குதிச்சிட்டு, எதுக்குன்னு கேட்டிருப்பேன். கேட்டுட்டு ஒருவேளை சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நாத்தனார் அடுக்கிய குழாயையே எடுத்து மறுபடி அடுக்கினாள்.

"ரெண்டு தடவை எதுக்கு?"

"முதல் தடவை வந்த அளவு..." நாத்தனார் தயங்கினாள். "நோய்க்காகப் பார்த்துட்டு இருந்த பொண்ணுங்களுக்கு என்ன இருந்ததோ, அதைவிட இவளுக்கு அதிகமா இருந்துது. குழாய் மாறிப்போச்சுன்னு நினைச்சேன். நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எப்படி இருக்கும்? அதான் மறுபடி எடுத்தேன்."

"மறுபடியும்?"

"அதே."

"அப்புறம்?"

"கணக்குலேர்ந்து எடுத்துட்டேன்."

பிரேக் அக்காவுக்கு முதலில் அது புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாகின.

ஒரு ஆரோக்கியமான குழந்தை என்று நம்பிச் சேர்த்த பிள்ளை ஆரோக்கியமாக இல்லை என்று ரத்தம் சொல்லியிருக்கிறது. ஒரு தடவை சொன்னது போதாதென்று இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கிறது. படித்த மகராசி என்ன செய்தாள்? கணக்கு கெட்டுப்போகும் என்று பிள்ளையைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"கணக்குலேர்ந்து எடுத்துட்டீங்க. எடுத்துட்டு, அதே ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து, அவளை மடியில உட்கார வச்சு முடி பின்னி விட்டீங்களே அண்ணி! அவ முதுகுல கை வச்சப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"கத்தாதே. எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்கட்டும்! கேக்கணும்னுதான் கத்தறேன்! ஊர்ப் பொண்ணுங்க எலும்பையெல்லாம் அளக்கறீங்க, மடியில இருக்கற பொண்ணோட எலும்பு கண்ணுக்குத் தெரியல!"

"தெரிஞ்சுது" என்றாள் நாத்தனார். குரல் மெலிந்துவிட்டது. "அதான் தம்பிகிட்ட சொன்னேன். இந்தப் பரிசோதனைய வச்சு நோய்னு சொல்ல முடியாது, ஆனாலும் ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுன்னு சொன்னேன். ரெண்டு மூணு தடவை சொன்னேன். அவன் காட்டறேன் காட்டறேன்னான். காட்டியிருப்பான்னு நானும் விட்டுட்டேன்."

பிரேக் அக்கா பக்கத்தில் இருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

அவருக்குத் தெரியும். போன வருஷமே தெரியும். ஆசிரியை சொன்னதை இவள் வந்து சொன்னபோது, "அப்படியா சொன்னாங்க?" என்று புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டாரே. எக்ஸ்ரே எடுக்கும்போது, "ஒண்ணும் இருக்காது, நீ அலட்டிக்காதே" என்றாரே. இவளை விட்டுக் கத்த வைத்துவிட்டு, அவர் சாதுவாகப் பக்கத்தில் நின்றிருக்கிறார். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் 'அந்த மனுஷன் பாவம்' என்று சொன்னதும் இந்த மாதிரிதானோ?

அதை விழுங்கிக்கொண்டு, வந்த வேலையைக் கேட்டாள்.

"அந்த ரெண்டு தடவை எடுத்த ரத்தமும் இருக்கா?"

"இருக்கு. உறைய வச்சிருக்கு."

"குடுங்க. டாக்டர் கேக்கறாங்க. எவ்வளவு வேகமா போகுதுன்னு அதை வச்சுத்தான் பார்க்கணுமாம்."

நாத்தனார் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று அல்ல.

"முடியாதும்மா. ஆராய்ச்சிக்குன்னு எடுத்தது. வெளிய குடுக்கணும்னா யாரோடதுன்னு மேல எழுதிக் கேக்கணும். கேட்டா, தாய்க்குத் தெரியாம எடுத்தது வெளிய வரும். சொந்தக்காரக் குழந்தைய சேர்த்தது வெளிய வரும். சரிப்படலைன்னு நானே தூக்கினது வெளிய வரும். அடுத்த மாசம் எங்க கட்டுரை வருது. என் கூட வேலை செய்யறவங்க எல்லாரோட உழைப்பும் போயிடும். நாளைக்குப் புதுசா ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லு, அதுவே போதும்."

"புதுசா எடுத்தா இன்னைக்கு எப்படி இருக்குன்னு தெரியும். போன வருஷம் எப்படி இருந்துதுன்னு அதுல தெரியுமா? உங்களுக்கு நான் சொல்லணுமா இதை?"

நாத்தனார் குழாய்ப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"உங்க கட்டுரையில நல்ல எலும்பு எது, கெட்ட எலும்பு எதுன்னு எழுதியிருப்பீங்கல்ல? அதுல இதையும் சேர்த்து எழுதுங்க. ஒரு பொண்ணு இருந்தா, அவளை நாங்க அழிச்சிட்டோம்னு."

கதவைத் திறந்தபோது நடையில் நான்கைந்து பேர் வேலை இருக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். பிரேக் அக்கா அவர்கள் நடுவில் நடந்து போனாள். படியிறங்கும்போது முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அழுகை என்று நினைக்க வேண்டாம். கோபம்தான்.

நெட்டைக்குட்டி பின்சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அவர் முன்சீட்டில். பிரேக் அக்கா ஏறி உட்கார்ந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அவர் அதைக் கேட்டு நிமிர்ந்தார். அவள் இவ்வளவு அமைதியாகக் கதவைச் சாத்தி அவர் பார்த்ததில்லை.

"உங்க அக்கா சொன்னாங்களாமே. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லி."

அவர் கை கண்ணாடிக்குப் போனது. அவள் அதற்கு முன் அதைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தாள்.

"இப்ப சொல்லுங்க."

"சொன்னா."

"ஏன் காட்டல?"

"நல்லாத்தானே இருந்தா. ஓடினா, ஆடினா. அக்கா எதையும் பெரிசா பண்றவ. அப்புறம்..." தொண்டையைச் செருமினார். "காட்டணும்னா உன்கிட்ட சொல்லணும். உன்னைக் கேக்காம ரத்தம் எடுத்ததையும் சொல்லணும். நீ கத்துவே. வீடு ரெண்டாயிடும். கொஞ்சம் போகட்டும், கொஞ்சம் போகட்டும்னு தள்ளிப் போட்டேன்."

"நான் கத்துவேன்னு நீ பயந்தே."

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றே சொன்ன வாய். கோபத்தில்கூட மாறியதில்லை. இன்று தானாக மாறிவிட்டது. அவருக்கும் சுரீரென்று பட்டது.

"நான் கத்தினா என்ன ஆகும்? சொல்லு. உன் காது வலிக்கும். அண்ணி ரெண்டு மாசம் வீட்டுக்கு வர மாட்டாங்க. நான் ஒரு வாரம் பேசாம இருப்பேன். அவ்வளவுதானே? இந்த அற்ப பயத்துக்கு அவளோட ஒரு வருஷத்தை எடுத்துக் குடுத்துட்டியே! அதை எந்த ஊசி போட்டு நான் திருப்பி வாங்குவேன்?"

"அம்மா, அப்பாவைத் திட்டாதம்மா."

பின்சீட்டிலிருந்து நெட்டைக்குட்டி இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டினாள். வாயோரம் பிஸ்கட் தூள்.

"நீ சும்மா இரு."

"நான்தாம்மா சொல்ல வேணாம்னு சொன்னேன்."

"எதை?"

"வலிக்குதுன்னு. ஸ்கூல் சட்டை நெஞ்சுல உரசி உரசி வலிச்சுது. போன லீவுலேர்ந்தே. நான் அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு ப்ராமிஸ் வாங்கிட்டேன்."

"ஏன்டி?"

"நீ திட்டுவே."

காலையிலிருந்து பிரேக் அக்கா எத்தனை பேரைத் திட்டியிருப்பாள்? பல் டாக்டர், ஹாரன்காரன், நாத்தனார், புருஷன். எல்லோரும் அவளுடைய வாயைத் தாங்கிக்கொள்ளத் தெரிந்தவர்கள். இந்த ஒரு சின்ன உருப்படி மட்டும் அதற்குப் பயந்து, வலியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தினமும் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. இவள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள்.

நெஞ்சு வலித்தது அவளுக்கு. உண்மையாகவே, கை வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தது.

கையைப் பின்னால் நீட்டி மகளின் வாயோரத்தைத் துடைத்தாள்.

"இப்பவும் வலிக்குதா?"

"சில நாளைக்கு."

"இனிமே வலிச்சா என்கிட்ட சொல்லு. நான் கத்தினாலும் சொல்லு. உன்னைப் பார்த்துக் கத்த மாட்டேன். சுவத்தைப் பார்த்துக் கத்தறேன், போதுமா?"

நெட்டைக்குட்டி யோசித்தாள். "சத்தமா கத்தக்கூடாது" என்றாள்.

"சரி."

அவர் டேஷ்போர்டில் இருந்த கண்ணாடியை எடுக்கப் போனார். இந்தச் சமாதானத்தில் தானும் ஒரு ஓரத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. பிரேக் அக்கா திரும்பினாள். மகளுக்காக இறங்கிய குரல் அவருக்காக ஏறியது.

"ஏழு வயசுப் புள்ள வலிக்குதுன்னு வந்து சொல்லியிருக்கு. அக்கா டாக்டர்கிட்ட போன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டையும் காதுல வாங்கிட்டு, புள்ளைக்குக் குடுத்த ப்ராமிஸைக் காப்பாத்தினியா நீ? பெரியவன் யாரு உங்க ரெண்டு பேர்ல?"

அவர் தலை குனிந்துகொண்டார்.

"இறங்கு."

"எங்க போறது?"

"மேல. உங்க அக்காகிட்ட. புள்ளையோட ரத்தத்தை வாங்கிட்டு வா. நாளைக்குக் காலையில டாக்டர் கேப்பாங்க. நான் கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க."

"உன்கிட்டயே மாட்டேன்னு சொன்னவ, நான் கேட்டா குடுப்பாளா?"

"நான் வந்தவ. நீ தம்பி. எடுக்கும்போது சரின்னு சொன்னது நீதானே? திருப்பிக் கேக்கற வாயும் உன்னுதுதான்."

"அக்காகிட்ட நான் எப்படி..."

"நான் எப்படிக் கேட்டேனோ அப்படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். கதவைத் திறந்து வைத்தபடியே கொஞ்சம் நின்றார். பிரேக் அக்கா அவரைப் பார்க்கவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு நடந்தார். கட்டடத்தின் வாசற்படியில் ஒரு தடவை நின்றார். காவலாளி என்னவோ கேட்டார். இவர் என்னவோ சொன்னார். உள்ளே போனார்.

பிரேக் அக்கா முன்சீட்டிலிருந்து இறங்கி, பின்சீட்டில் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெட்டைக்குட்டி காலை மடக்கிக்கொண்டு தலையை அம்மாவின் மடியில் வைக்கப் பார்த்தாள். கால் நீட்ட இடம் போதவில்லை. முழங்காலை ஜன்னல் மேல் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஒருவழியாகப் படுத்தாள்.

இரண்டாவது மாடி ஜன்னலில் யாரோ திரையை இழுத்து மூடினார்கள்.

நேரம் போனது. நெட்டைக்குட்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா வாங்கிட்டு வந்துடுவாராம்மா?"

வந்துடுவார் என்று சொல்ல வாயெடுத்தாள் பிரேக் அக்கா. இந்தப் பிள்ளை விஷயத்தில் இதுவரை ஆளாளுக்கு ஒன்றை மறைத்தாகிவிட்டது. தானும் ஒன்றைச் சேர்க்க அவளுக்கு மனசு வரவில்லை.

"தெரியலடி" என்றாள்.